ரசாயன ஆலையில் தீப்பிடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரசாயனக் கிடங்கிலோ எண்ணெய் முனையத்திலோ தீ என்று செய்தி வந்தால் பலரும் கேட்பது, "இன்னும் ஏன் அணைக்கவில்லை?" என்றுதான். அங்கே நிற்கும் அதிகாரியின் மனதில் வேறு கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கும். எரிவது என்ன? வால்வை யார் மூடுவது? அடிக்கிற தண்ணீர் எங்கே போய்ச் சேரும்? இந்த மூன்றுக்கும் பதில் தீப்பிடிப்பதற்கு முன்பே தயாராக இருந்த இடங்கள் ஓரளவு தப்பித்திருக்கின்றன. இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதைத்தான் கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் பேசுகின்றன.

சாதாரணத் தீக்கும் ரசாயனத் தீக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டிலோ துணிக்கடையிலோ எரிவது மரம், துணி, காகிதம். தண்ணீர் அடித்தால் சூடு தணிந்து தீ அடங்கிவிடும். ரசாயன ஆலையில் எரியும் பொருளைப் பொறுத்து எல்லாமே மாறும். பெட்ரோல், நாஃப்தா, டொலுவீன் போன்றவை தண்ணீரைவிட இலேசானவை. தண்ணீரின் மேல் மிதந்துகொண்டே எரியும். தண்ணீர் ஓடுகிற பக்கமெல்லாம் தீயும் போகும். அம்மோனியம் நைட்ரேட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கிறது, காற்றை மறைத்து அதை அடக்க முடியாது. சில ஆர்கானிக் பெராக்சைடுகளைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தானாகச் சிதைந்து தீப்பிடிக்கும்.

புகையும் வேறு. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, பாலியூரிதேன் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு, கந்தகச் சேர்மங்கள் எரிந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு வரும். தீக்கு அருகே போகாதவர்களையும் இந்தப் புகை தாக்கும்.

தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது. ஏன் தண்ணீர் அடிக்கவில்லை?

உள்ளே இருப்பது கால்சியம் கார்பைடாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாம்பழம் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களே, அதே கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், வெல்டிங் பட்டறையில் எரிப்பது அதைத்தான். சோடியம் உலோகத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வந்து வெடிக்கும். அலுமினியம் ஆல்கைல்கள் காற்றுப் பட்டாலே எரியும், தண்ணீர் பட்டால் சீறும். இவற்றுக்கெல்லாம் உலர்ந்த பவுடரும் மணலும்தான்.

அதனால் முதல் சில நிமிடங்கள் கேள்வி கேட்பதில் போகின்றன. எந்தக் கிடங்கு, எந்தப் பொருள், எத்தனை டன், பக்கத்தில் என்ன? பதில் கிடைக்கும் வரை கொஞ்ச தூரத்தில் நிற்பது கோழைத்தனம் அல்ல. தண்ணீரை அடித்தாலும் பெரும்பாலும் அது எரிகிற டேங்குக்குப் போகாது. பக்கத்து டேங்குகளின் சுவரைக் குளிர வைக்கத்தான் போகும்.

நுரை என்ன செய்கிறது? எல்லா நுரையும் ஒன்றுதானா?

எரிகிற திரவத்தின் மேல் நுரை பரவி ஆவி மேலே வராமல் மூடுகிறது. அதிலுள்ள தண்ணீர் மெதுவாக வடிந்து மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. மூன்று சதவீத ஃபோம் என்றால் 97 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் மூலத் திரவம்.

எல்லா நுரையும் ஒன்றல்ல. பெட்ரோலுக்கு வேலை செய்யும் சாதாரண நுரையை எத்தனால், மெத்தனால், அசிட்டோன் மேல் அடித்தால், அவை நுரையிலுள்ள தண்ணீரை உறிஞ்சி அதை உடைத்துவிடும். அவற்றுக்கு ஆல்கஹாலைத் தாங்கும் நுரை தனியாக வேண்டும். இன்னொன்றும் முக்கியம். போதுமான நுரை கையில் சேரும் முன்பே அவசரப்பட்டு ஆரம்பித்து, பாதியில் தீர்ந்துபோனால் தீ திரும்பவும் எழும், அடித்த நுரையெல்லாம் வீண். பெரிய டேங்க் தீயில் பல மணி நேரம் காத்திருந்து சேர்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் அடிப்பது இதனால்தான்.

"எரிந்து தீரட்டும்" என்று விட்டுவிடுவது கையாலாகாத்தனம் இல்லையா?

இல்லை. பல நேரங்களில் அதுதான் சரியான முடிவு.

கேஸ் கசிந்து எரிகிறது என்று வையுங்கள். வால்வை மூட வழியில்லாமல் தீயை மட்டும் அணைத்தால் கேஸ் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி, எங்கோ ஒரு பொறியைச் சந்தித்து மொத்தமாக வெடிக்கும். எரிந்துகொண்டிருக்கும் கேஸ் எங்கே இருக்கிறது என்றாவது நமக்குத் தெரியும். அதனால் மூட முடியாத கசிவை எரிய விட்டு, சுற்றியுள்ளவற்றைக் குளிர வைப்பார்கள்.

ஜெய்ப்பூரில் 2009 அக்டோபர் 29 அன்று சீதாபுராவில் இருந்த இந்தியன் ஆயில் முனையம் வெடித்தபோது 11 பேர் இறந்தார்கள். டேங்குகளெல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்ட பிறகு அணைப்பது நடக்காத காரியம். உள்ளே ஆட்களை அனுப்பாமல் எரிந்து தீர விட்டார்கள். பத்து நாளுக்கு மேல் எரிந்தது. அந்த முடிவில் தவறில்லை. தவறு அதற்கு முன்பு நடந்தது, அது கீழே வருகிறது.

டெக்சஸின் கிராஸ்பியில் 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளம் அர்க்கெமா ஆலைக்குள் புகுந்தது. மின்சாரம் போனது, ஜெனரேட்டர்களும் மூழ்கின. குளிரில் வைக்க வேண்டிய ஆர்கானிக் பெராக்சைடை ஊழியர்கள் 9 குளிர்சாதன டிரெய்லர்களுக்கு மாற்றினார்கள். அவையும் வெள்ளத்தில் செயலிழந்தன. ஒன்றரை மைல் சுற்றளவில் இருந்த மக்களை வெளியேற்றினார்கள். ஆகஸ்ட் 31 முதல் டிரெய்லர்கள் எரிய ஆரம்பித்தன, மிச்சமிருந்தவற்றை செப்டம்பர் 3 அன்று அதிகாரிகளே வேண்டுமென்று கொளுத்தினார்கள். எப்போது எரியும் என்று தெரியாமல் ஊர் காத்திருப்பதைவிட, நேரம் பார்த்து எரிப்பது மேல் என்பதுதான் கணக்கு. புயலும் வெள்ளமும் வழக்கமாகிவிட்ட கடற்கரைகளில் உள்ள எந்த ஆலையும், ஜெனரேட்டர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.

அணைக்க அடித்த தண்ணீர் எங்கே போகிறது?

இதை யாரும் கேட்காத காலம் ஒன்று இருந்தது. அது 1986 நவம்பர் 1 அன்று, சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே ஷ்வைட்சர்ஹாலேயில் முடிந்தது. சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு ஒன்றில் சுமார் 1,350 டன் பூச்சிக்கொல்லி உள்ளிட்ட வேளாண் ரசாயனங்கள் இருந்தன. நள்ளிரவு தாண்டித் தீப்பிடித்தது. விடிவதற்கு முன் சைரன் ஊதி மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். ஊரெங்கும் அழுகிய முட்டை நாற்றம். தீயணைப்பு வீரர்கள் சில மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். தீயணைப்பு என்று மட்டும் பார்த்தால் அது வெற்றி.

ஆனால் அடித்த தண்ணீர் பத்தாயிரம் கன மீட்டருக்கு மேல். அதைப் பிடித்து வைக்கப் போதுமான தொட்டி அங்கே இல்லை. கிடங்கில் இருந்த விஷத்தைக் கரைத்துக்கொண்டு அது நேராக ரைன் ஆற்றில் இறங்கியது. கிடங்கில் சாயமும் இருந்ததால் ஆறு சிவந்து ஓடியது. கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மீன்கள் செத்தன. விலாங்கு மட்டும் ஒன்றரை லட்சம் என்று மதிப்பிட்டார்கள். ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் நிலையங்களை ஜெர்மனி, நெதர்லாந்து வரை மூட வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுக்குப் பிறகுதான், தீயணைப்புத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டி ஐரோப்பிய ரசாயன ஆலைகளில் கட்டாயமான விஷயமாக வேரூன்றியது. ரைன் கரை நாடுகள் 1987-இல் சேர்ந்து ஆற்றை மீட்கும் திட்டம் தொடங்கின. ஒரு கிடங்கு எவ்வளவு பாதுகாப்பானது என்று என்னைக் கேட்டால், தீயணைப்பு சிலிண்டர்களை எண்ண மாட்டேன். மழைநீர் வடிகாலில் அடைப்பு ஷட்டர் இருக்கிறதா, அதை இரவு ஷிஃப்டில் யார் மூடுவார் என்றுதான் முதலில் கேட்பேன். தொழிற்பேட்டைகள் பல ஆற்றையும் ஏரியையும் ஒட்டியே இருக்கின்றன.

நுரையிலும் இதே சிக்கல் உண்டு. பழைய நுரைகளில் இருந்த பிஎஃப்ஓஎஸ் என்ற ஃபுளோரின் ரசாயனம் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சிதையாமல் தங்கும். 2009-இல், எளிதில் சிதையாத மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். ஃபுளோரின் இல்லாத நுரைக்குப் பல நாடுகள் மாறி வருகின்றன.

இத்தனை அலாரமும் மீட்டரும் இருந்தும் பெரிய தீ எப்படி வருகிறது?

பிரிட்டனின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய் முனையத்தில் 2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலை. 912-ஆம் எண் டேங்குக்குக் குழாய் வழியாகப் பெட்ரோல் வந்துகொண்டிருந்தது. மூன்று மணி அளவில் மட்டத்தைக் காட்டும் கருவி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. டேங்க் நிரம்பிக்கொண்டே இருக்க, திரையில் மட்டம் அசையவில்லை. அந்தக் கருவி அதற்கு முன் மூன்றரை மாதத்தில் பலமுறை இப்படி நின்றிருக்கிறது; ஒவ்வொரு முறையும் அப்போதைக்குச் சரிசெய்து விட்டுவிட்டார்கள். எல்லை மீறினால் தானாகப் பெட்ரோலை நிறுத்த வேண்டிய இன்னொரு சுவிட்ச் இருந்தது. அதன் நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டுப் போட வேண்டும். பூட்டுப் போடவில்லை. ஏன் வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை, அது திருட்டுக்குப் பூட்டு என்று நினைத்துவிட்டார்கள்.

டேங்க் வழிந்து, ஆவி மேகமாகப் படர்ந்து, 6 மணி 1 நிமிடத்துக்கு வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட டேங்குகள் பற்றிக்கொண்டன. 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், யாரும் இறக்கவில்லை. அது ஞாயிறு விடியல் என்பதுதான் காரணம். வேலை நாளாக இருந்திருந்தால் பக்கத்து அலுவலகங்கள் நிறைந்திருக்கும்.

ஜெய்ப்பூர் கதையும் இதற்குத் தங்கை போலத்தான். குழாய் வால்வில் வேலை நடந்தபோது பெட்ரோல் பீறிட்டது. முதலில் போனவர் ஆவியில் மூச்சுத் திணறி விழுந்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வால்வை மூடும் வசதி வேலை செய்யாமல் கிடந்தது. சுமார் 75 நிமிடம், ஏறத்தாழ ஆயிரம் டன் பெட்ரோல் வெளியேறியது. எம்.பி.லால் (M.B. Lal) என்பவர் தலைமையில் அமைத்த விசாரணைக் குழு இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறது. தூரத்திலிருந்து மூடக்கூடிய வால்வு ஒன்று வேலை செய்திருந்தால் அன்று மாலை அங்கே ஒரு கசிவு நடந்தது என்பதோடு முடிந்திருக்கும்.

தீ ஒரு டேங்கிலிருந்து அடுத்த டேங்குக்கு எப்படித் தாவுகிறது?

வெப்பக் கதிரால் தாவும். டேங்குகள் ஒரே சுற்றுச்சுவருக்குள், அதாவது ஒரே டைக்குக்குள் இருந்தால் ஓடும் திரவத்தாலும் தாவும். டெக்சஸின் டீர் பார்க்கில் 2019 மார்ச் 17 அன்று ஐடிசி (இன்டர்கான்டினென்டல் டெர்மினல்ஸ்) நிறுவனத்தின் முனையத்தில் ஒரு பம்ப் சீல் பழுதாகி நாஃப்தா கசிந்து பற்றியது. அந்த டேங்கை தூரத்திலிருந்து மூட வால்வு இல்லை, கேஸ் கசிவைக் காட்டும் கருவியும் இல்லை. 15 டேங்குகள் ஒரே சுவருக்குள். தீ மூன்று நாள் எரிந்து, அணைந்து, எல்லோரும் மூச்சு விட்ட பிறகு மார்ச் 22 அன்று அந்தச் சுற்றுச்சுவரே இடிந்தது. எண்ணெயும் நுரையும் கலந்த தண்ணீர் ஹூஸ்டன் கப்பல் கால்வாய் வரை போனது.

டேங்க் வெடிப்பது எதனால்? பாதுகாப்பு வால்வு இருக்கிறதே?

அழுத்தத்தில் திரவமாக வைத்திருக்கும் எல்பிஜி டேங்கின் அடிப்பக்கத்தைத் தீ சுட்டால், உள்ளே இருக்கும் திரவம் சூட்டை இழுத்துக்கொள்ளும். திரவ மட்டத்துக்கு மேலே வாயு மட்டும் உள்ள பகுதியில் சூட்டை இழுக்க எதுவும் இல்லை. அங்கே இரும்பு சில நிமிடங்களில் இளகி வலுவிழக்கும். பாதுகாப்பு வால்வு அழுத்தத்தைக் குறைக்கும், இரும்பின் வலுவைத் திருப்பித் தராது. பிரான்சின் ஃபேசான் சுத்திகரிப்பு ஆலையில் 1966 ஜனவரி 4 அன்று இதுதான் நடந்தது. வால்வு திறந்திருக்கிறது, அந்த டேங்க் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பி, பக்கத்து டேங்குகளைக் குளிர வைத்துக்கொண்டிருந்தார்கள். எரிந்த டேங்க் ஒன்றரை மணி நேரத்தில் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தீயணைப்பு வீரர்கள். எரிகிற டேங்கின் மேல்பகுதிக்குத் தண்ணீர் நிற்காமல் விழ வேண்டும், முடியாவிட்டால் எல்லோரும் வெகுதூரம் விலக வேண்டும் என்ற விதி இப்படி வந்தது.

கச்சா எண்ணெய், கனமான எரிபொருள் டேங்குகளில் வேறு ஆபத்து. அடியில் தேங்கிய தண்ணீரை மேலிருந்து இறங்கும் சூடு எட்டியதும் அது நீராவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும்; எரிகிற எண்ணெய் முழுவதையும் வெளியே வீசும். சூடான வாணலி எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் நடப்பதும் இதேதான், அளவுதான் வேறு. வெனிசுவேலாவின் டகோவாவில் 1982 டிசம்பர் 19 அன்று இப்படி 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல மணி நேரம் அமைதியாக எரிந்த டேங்கை வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு.

தீயணைப்பு வீரர்கள் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள்?

உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லாததால். டெக்சஸின் வெஸ்ட் என்ற சிற்றூரில் 2013 ஏப்ரல் 17 மாலை உரக்கிடங்கில் தீ. தகவல் வந்து இருபது நிமிடம் சொச்சத்தில் அங்கிருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இறந்த 15 பேரில் 12 பேர் உதவிக்குப் போனவர்கள், பெரும்பாலும் தன்னார்வத் தீயணைப்பாளர்கள். பக்கத்திலேயே பள்ளியும் முதியோர் இல்லமும் இருந்தன.

சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் 2015 ஆகஸ்ட் 12 இரவு, உலர்ந்துபோன நைட்ரோ செல்லுலோஸ் தானாகச் சூடாகித் தீப்பிடித்து, பிறகு அம்மோனியம் நைட்ரேட்டும் வெடித்தது. 165 பேர் இறந்தார்கள், 8 பேரைக் காணவில்லை. இறந்தவர்களில் 99 பேர் தீயணைப்பு வீரர்கள்.

வாயில் காவலாளியிடம் அன்றைய இருப்புப் பட்டியலும் கிடங்கு வரைபடமும் ஒரு உறையில் இருக்க வேண்டும். இதற்குப் பணமே தேவையில்லை. இதைச் செய்யாத நிர்வாகத்தை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

போபாலுக்குப் பிறகு, 1989-இல் அபாயகரமான ரசாயனங்களைத் தயாரித்தல், சேமித்தல், இறக்குமதி செய்தல் பற்றிய விதிகள் வந்தன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கும் ஆலை, வளாகத்துக்குள்ளான அவசரகாலத் திட்டம் எழுதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். வெளியே உள்ள ஊருக்கான திட்டத்தை அரசுத் தரப்பு தயாரித்து ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து என்ன, என்ன செய்ய வேண்டும் என்று ஆலை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். 1996 விதிகள் மத்தியிலிருந்து உள்ளூர் வரை நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. விதி நன்றாகத்தான் இருக்கிறது. மணலியிலோ கடலூர் சிப்காட் பக்கத்திலோ குடியிருப்பவர் கேட்க வேண்டியது, "எங்கள் தெருவில் கடைசி ஒத்திகை எப்போது?" என்பதை.

டேங்கர் லாரியின் பின்னால் உள்ள எண்களுக்கு அர்த்தம் என்ன?

பெட்ரோல் லாரியில் 1203 என்று பார்த்திருப்பீர்கள், அது பொருளின் ஐ.நா. எண். எல்பிஜிக்கு 1075. இந்த எண்ணுக்கு மேலே 3ஒய்ஈ (3YE) என்பது போல ஒரு குறியீடு இருக்கும். 3 என்றால் நுரை பயன்படுத்து. ஒய் என்றால் தீவிரமாக வினைபுரியலாம், மூச்சுக் கருவி அணி, வடிகாலில் ஓட விடாதே. ஈ என்றால் மக்களை வெளியேற்றுவது பற்றி யோசி. விபத்தைப் பார்த்து 101-க்கோ 112-க்கோ போன் செய்தால், தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்தால் இந்த எண்ணையும் சொல்லுங்கள். படிப்பதற்காகக் கிட்டே போக வேண்டாம்.

சிறிய பட்டறை, சின்ன யூனிட் வைத்திருக்கிறோம். எங்களுக்கு என்ன?

பல நேரங்களில் சால்வென்ட் (கரைப்பான்) ஊற்றும்போதுதான் தீ ஆரம்பிக்கிறது. டிரம்மிலிருந்து டொலுவீன் ஊற்றும்போது நிலைமின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். டிரம்மையும் வாளியையும் கம்பியால் இணைத்து எர்த் செய்யுங்கள், பிளாஸ்டிக் வாளி வேண்டாம். அடுத்தது வெல்டிங். காலி டிரம் காலியே அல்ல, உள்ளே ஆவி நிறைந்திருக்கும். கழுவாமல் அதை வெட்டவோ பற்றவைக்கவோ கூடாது. அமிலத்தையும் கரைப்பானையும் ஆக்சிஜன் தரும் பொருட்களையும் இடம் இல்லை என்று ஒரே அறையில் அடுக்காதீர்கள்.

பக்கத்தில் குடியிருக்கிறோம். புகை வந்தால் ஓட வேண்டுமா?

அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் உடனே கிளம்புங்கள், காற்றுக்குக் குறுக்காக நடங்கள்; புகை போகும் திசையிலேயே ஓடாதீர்கள். அப்படி அறிவிப்பு வராமல் புகை ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டால் வீட்டுக்குள் இருப்பதே மேல். ஜன்னலையும் கதவையும் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்துங்கள். கேஸ் வாடை தெரிந்தால் அடுப்பு, லைட் சுவிட்ச், பைக் எதையும் தொடாமல் விலகுங்கள். வீடியோ எடுக்கப் போகவே கூடாது. கேரளத்தின் சாலாவில் 2012-இல் கேஸ் டேங்கர் கவிழ்ந்து எரிந்ததில் இறந்தவர்கள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்.

தீ அணைந்ததாக அறிவித்தாயிற்று. திரும்பிப் போகலாமா?

காற்றை அளந்து சொன்ன பிறகு. டீர் பார்க்கில் தீ அணைந்த மறுநாள்தான் காற்றில் பென்சீன் அளவு ஏறி, மக்களை மறுபடி வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். நுரைப் போர்வை விலகிய இடங்களிலிருந்து ஆவி கிளம்பியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தரையை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் சாம்பல் பறக்கும். திறந்து கிடந்த உணவையும் தொட்டித் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். தோட்டத்துக் கீரையை மழை பெய்துவிட்டது என்று நம்பிப் பறிக்க வேண்டாம். கிணறு, போர்வெல் தண்ணீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். நிலத்தடியில் ரசாயனம் மெதுவாகத்தான் நகரும், அதனால் முதல் சோதனை நன்றாக வந்தாலும் சில மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.